கறுப்பு மொச்சை

போன் அதிர்ந்தபோது எடுர்னே குகன்ஹைம் மியூசியம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பூக்களால் செய்த அந்த ராட்சத நாய்க்கு முன்னால் ஹாம்பர்க்கிலிருந்து வந்திருந்த ஆறு பேரை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். செய்தி சங்கத் தலைவர் ஹோசேபாவிடமிருந்து. இரண்டே வார்த்தை.

"ஒரு கறுப்பு."

அவ்வளவுதான். வருத்தம், மன்னிப்பு, மண்ணாங்கட்டி எதுவும் இல்லை. எடுர்னே போனைப் பைக்குள் போட்டாள். "இன்னொரு படம், எல்லாரும் கொஞ்சம் சிரிங்க" என்று ஜெர்மனில் சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சம்பளம் வாங்குகிறாளே, சிரிக்காமல் என்ன செய்வாள்.

விஷயம் இதுதான். அவள் அப்பா பெல்லோ நாற்பது வருடமாக ஒரு சோக்கோவில் உறுப்பினர். பில்பாவோவின் பழைய தெருக்களில், மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கிறது அந்த இடம். ஆண்கள் ஆளுக்கொரு சாவியால் திறந்துகொண்டு போய், தாங்களே சமைத்து, தாங்களே தின்று, தங்களைத் தாங்களே பாராட்டிக்கொள்ளும் சங்கம். பெண்கள் விசேஷ நாட்களில் வரலாம், மேசையில் உட்காரலாம், சாப்பிட்டுவிட்டு "ஆகா, பிரமாதம்" என்று சொல்லலாம். சமையலறைப் படியை மட்டும் தாண்டக் கூடாது. வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியாத மனுஷன், அங்கே போய் ஏப்ரனைக் கட்டியதும் நளபாகச் சக்கரவர்த்தி ஆகிவிடுவான். இதைப் பெரிய பாரம்பரியம் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். நம்மவர்களுக்குப் பெருமைக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லை.

மற்ற சோக்கோக்கள் எப்போதோ மாறிவிட்டன. இது மட்டும் மாறவில்லை. போன வருடம் கூரை ஒழுக ஆரம்பித்ததும் ஒரு சுற்றுலாக் கம்பெனிக்காரன் உள்ளே புகுந்தான். வெள்ளிக்கிழமை கலை, சனிக்கிழமை காலை கட்டடங்கள், மதியம் உண்மையான சோக்கோவில் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து சமையல், ஞாயிற்றுக்கிழமை விமானம். கூரைக்குக் காசு வருமே என்று சங்கத்தார் தலையாட்டினார்கள். அந்தக் கம்பெனியில் வழிகாட்டி வேலை பார்க்கிறவள்தான் எடுர்னே. முதல் சனிக்கிழமையே லீட்ஸிலிருந்து வந்த ஒருத்தி, யாரோ கொடுத்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, அந்தப் படியைத் தாண்டி விறுவிறுவென்று உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். எடுர்னே வாசலிலேயே நின்று மொழிபெயர்த்தாள்.

அன்று சங்கத் தலைவர் ஹோசேபாவை ஓரமாகப் பிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "எங்கம்மா சாகற வரைக்கும் இந்தப் படிய அவளத் தாண்ட விட்டீங்களா ஹோசேபா? இப்ப இவங்கள மட்டும் எப்படி விட்டீங்க?"

ஹோசேபா கொஞ்சமும் கூசவில்லை. "அவங்க பொம்பளைங்க இல்ல பொண்ணே. அவங்க வந்தவங்க."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அந்த மனுஷர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

அன்று சாயங்காலமே எடுர்னே உறுப்பினராகச் சேர விண்ணப்பித்தாள். அவள் ஒன்றும் புரட்சி செய்யக் கிளம்பவில்லை. அவளுக்கு வயது நாற்பத்தாறு. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கூட வரும் தோழிகள் ஒரு கூட்டம் உண்டு. வாரத்தில் ஒரு நாள் ஒன்றாகக் கிளம்பி மதுக்கடை மதுக்கடையாக ஏறி, கடைக்கு ஒரு சின்னக் கிளாஸ் ஒயின், ஒரு வாய் தீனி என்று நின்றுகொண்டே சிரித்துவிட்டுக் கலைவார்கள். எல்லாரையும் உட்கார வைத்துச் சோறு போட ஒருத்தி வீட்டிலும் இடமில்லை. அந்த சோக்கோவின் அகன்ற அடுப்பில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தனக்குப் பிடித்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். வீட்டிலும் சமைக்கிறாள்தான். அம்மா போனதிலிருந்து ஐந்தாவது மாடியில் அந்த இரண்டு பர்னர் அடுப்பில் அப்பாவுக்குத் தினமும் சமைக்கிறாள். அது அவர் பசிக்கு. தன் ஆசைக்கு என்று ஒரு அடுப்பு வேண்டும் என்று கேட்டாள். இது ஒரு குற்றமா?

ஒரு வருடம் இழுத்தடித்துவிட்டு இன்று காலைதான் அவள் பெயரை ஓட்டுக்கு எடுத்தார்கள். சங்கத்தில் ஓட்டெடுப்புக்கு மொச்சைதான். ஒவ்வொருவருக்கும் வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. கையை மூடிக்கொண்டு ஒன்றைக் கூஜாவுக்குள் போட வேண்டும். மிஞ்சியதைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்துவிட வேண்டும். யார் என்ன போட்டான் என்பது மீனுக்குத்தான் தெரியும். கூஜாவில் ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் போச்சு. அந்தப் பெயரை மறுபடி ஆயுசுக்கும் எடுக்க மாட்டார்கள்.

அந்தக் கறுப்பு யாருடையது என்பதில் எடுர்னேவுக்குச் சந்தேகமே இல்லை. கறிக்கடை கோல்டோ. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து அவன் கடைக்கு எலும்பு வாங்கப் போனால்கூட விடமாட்டான். "அடுப்படியில பாவாட நொழஞ்சா சாஸ் திரிஞ்சிடும்னு எங்கப்பா சொல்வாரு" என்று கத்தியைத் தீட்டிக்கொண்டே சொல்வான். கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். இவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பாள்.

பொடித் தூறல் விழுந்துகொண்டிருந்தது. குடையை விரிப்பதா வேண்டாமா என்று ஜெர்மன்காரர்கள் யோசித்தார்கள். எடுர்னே ஆற்றங்கரையோடு அவர்களை ஓட்டிக்கொண்டு போனாள். தகடு போர்த்திய அந்தக் கட்டடம் மழை வெளிச்சத்தில் எப்படி நிறம் மாறுகிறது, முன்பு இதே இடத்தில் கிடங்கும் கிரேனும் எப்படிக் கிடந்தன என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்தது. மனசு ஒரே இடத்தில் நின்றது. வெள்ளைப் பாலத்தின் கண்ணாடித் தரையில் வழுக்கி விழாமல் இருக்கக் கம்பளம் போட்டிருப்பதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் பாலத்தைப் படம் எடுக்கிற நேரத்தில் தோழி லியேர்னிக்குப் போன் போட்டாள்.

"கறுப்பு விழுந்துருச்சுடி."

"யாரு? கறிக்கடைக்காரனா?"

"வேற யாரு."

"நீ இப்ப எங்க இருக்கே?"

"பாலத்துல. இவங்கள அங்கதான் சமைக்கக் கூட்டிட்டுப் போறேன்."

லியேர்னி ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். "விட்டுட்டு வந்துருடி. அவங்களே வழி கேட்டுப் போகட்டும்."

"வேல போயிடும்."

"அப்ப போய் அவன் மூஞ்சியில காறித் துப்பிட்டு வா."

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

சோக்கோவின் கதவைத் திறந்தது அப்பா. எழுபத்தெட்டு வயதிலும் நிமிர்ந்த உடம்பு. வெளுத்துத் தேய்த்த ஏப்ரன். முந்தின நாள் தேய்த்துக் கொடுத்தது எடுர்னேதான். விருந்தாளிகள் ஒவ்வொருவராக உள்ளே போனதும் அவர் மகளைப் பார்த்தார்.

"கேள்விப்பட்டியா?"

"கேள்விப்பட்டேன்."

"கழுதைங்க" என்றார் அப்பா. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். "மனசுல வச்சுக்காத."

எடுர்னேவுக்கு ஆறுதலாக இருந்தது. மனுஷர் வீட்டில் ஒரு தட்டை எடுத்து வைக்க மாட்டார். ஆனாலும் இந்த விஷயத்தில் நம் பக்கம் நிற்கிறாரே என்று நினைத்தாள். காலையில் காப்பி குடிக்கும்போதுகூட "கவலப்படாத, எல்லாம் நம்மாளுங்கதான்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

பெரிய மேசையில் சிலர் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் இவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஹோசேபா சமையலறைப் படியில் நின்று கையாட்டினார்.

"உள்ள வா பொண்ணே. இன்னிக்கு பில்பில் மீன். கையப் பாத்துப் பாத்துச் சொல்லிக் குடுக்கணும். வாசல்ல நின்னு கத்தினா அந்த ஜெர்மன்காரம்மாவுக்குப் புரியாது."

"உள்ளயா? நானா?"

"மொழி சொல்லத்தான். வாய் மட்டும் வந்தாப் போதும், கை வேண்டாம்."

இதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம். எடுர்னே கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, அவள் அம்மா ஒரு நாளும் தாண்டாத அந்தப் படியைத் தாண்டினாள்.

உள்ளே மூன்று ஆண்கள். அடுப்புக்கு முன்னால் ஹோசேபா. நடு மேடையில் கோல்டோ, மாட்டுக் கறியைத் துண்டு போட்டுக்கொண்டு. மூலைத் தொட்டியோரம் அப்பா, சுட்ட குடைமிளகாயைத் தோல் உரித்துக்கொண்டு. விருந்தாளிகளில் பிரிட்டா என்ற பெண் ஏப்ரனோடு தயாராக இருந்தாள். பல் டாக்டர். நல்லவள், எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிறவள். அவள் மேல் கோபப்பட முடியவில்லை என்பதே எடுர்னேவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஹோசேபா மண்சட்டியில் ஆலிவ் எண்ணெயை ஊற்றி, பூண்டைப் பொரித்து எடுத்துவிட்டு, உப்புப் போக ஊறவைத்த காட் மீன் துண்டுகளைத் தோல் மேலே இருக்க அடுக்கினார். கொஞ்ச நேரம் கழித்து சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி பிரிட்டாவின் இரண்டு கையிலும் கொடுத்தார்.

"வட்டமா ஆட்டச் சொல்லு. கரண்டி போடக் கூடாது. மீன் விடற பிசினும் எண்ணெயும் அந்த ஆட்டத்துலயே ஒண்ணாச் சேரும். நிறுத்தினா திரிஞ்சிடும்."

எடுர்னே சொன்னாள். பிரிட்டா ஆட்டினாள். எண்ணெய் மெல்ல மெல்ல வெளுத்துக் கெட்டியாகத் தொடங்கியது.

"எவ்வளவு அழகு" என்றாள் பிரிட்டா. "நீங்க இதே அடுப்புலதான் கத்துக்கிட்டீங்களா?"

எடுர்னே கோல்டோவின் பக்கம் திரும்பினாள். முகத்தில் விருந்தாளிகளுக்கான சிரிப்பு அப்படியே இருந்தது. வாயில் வந்தது எங்கள் பாஸ்கு மொழி, ஜெர்மன்காரர்களுக்கு ஒரு எழுத்தும் புரியாது.

"என்ன கோல்டோ, பாவாட நொழஞ்சிருக்கு, சாஸ் திரியலையே. ஜெர்மன் பாவாடையா இருந்தாப் பரவால்லையோ?"

கோல்டோ தலை நிமிரவில்லை. "வேலையப் பாரு எடுர்னே."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு மொச்சைய எடுத்துப் போடறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும் கோல்டோ? இருட்டுல கைய விட்டுப் போட்டுட்டு, வெளியில வந்து கத்தி தீட்டற. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லத் துப்பில்ல உனக்கு."

"வாய அடக்கு."

"அடக்க மாட்டேன். வாய் மட்டும்தான் வரலாம்னு சொல்லியிருக்காங்க. அந்த வாய் பேசும்."

என்ன பேசுகிறீர்கள் என்று பிரிட்டா கேட்டாள். "கறி வேகற பதம் பத்தி" என்றாள் எடுர்னே, சிரித்தபடியே. "நீங்க ஆட்டிக்கிட்டே இருங்க."

கோல்டோ கத்தியை மேடையில் வைத்தான். அவன் கழுத்து சிவந்திருந்தது. கறி ஈரம் பட்ட கையைத் துடைக்காமலே பாக்கெட்டுக்குள் விட்டு எதையோ எடுத்து மேடைமேல் டக்கென்று வைத்தான். ஒரு கறுப்பு மொச்சை.

"இந்தா. நல்லாப் பாத்துக்க. என்கிட்ட மிஞ்சினது இது. அப்ப நான் எதப் போட்டிருப்பேன்? சொல்லு. ஒரு வருஷமாக் கிண்டல் பண்ணினேன், ஆமா, பண்ணினேன். கடையில வர்றவங்க எல்லாரையும்தான் பண்றேன். ஆனா உனக்கு நான் கறுப்புப் போடல. நீ என்னத்தான் சொல்லுவேன்னு தெரியும்."

எடுர்னேவின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

மொச்சையை இப்படி வெளியில் எடுப்பது நடக்காத காரியம். வழக்கமாக ஓட்டு முடிந்ததும் எல்லாரும் பாலம் வழியாக வீட்டுக்குப் போவார்கள். இன்று அந்த மடையர்கள் விருந்து நாளிலேயே ஓட்டையும் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தரும் வெளியில் போகவில்லை. எல்லார் பாக்கெட்டிலும் மொச்சை அப்படியே இருந்தது.

ஹோசேபா பெருமூச்சு விட்டார். தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கோல்டோவின் மொச்சைக்குப் பக்கத்தில் வைத்தார். அதுவும் கறுப்பு. சத்தம் கேட்டுப் படிக்கு வந்து நின்ற ஆட்கள், தங்கள் மேல் பழி விழுந்துவிடக் கூடாதென்று, ஒருத்தர் பின் ஒருத்தராக உள்ளே வந்து பாக்கெட்டைத் துழாவினார்கள். கறுப்பு. கறுப்பு. மறுபடியும் கறுப்பு. அப்பா கழுதைகள் என்று திட்டிய அத்தனை பேரும் அவளுக்கு வெள்ளை போட்டிருந்தார்கள்.

மூலையில் அப்பா குடைமிளகாய் உரித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"அப்பா" என்றாள் எடுர்னே. "உங்களோடது?"

"ஆத்துல போட்டுட்டேன்."

"எப்ப போட்டீங்க? காலையிலேர்ந்து நீங்க வெளியவே போகலையே."

"விடு பொண்ணே" என்றார் ஹோசேபா மெதுவாக. "இது நல்லா இல்ல. விடு."

எடுர்னே விடவில்லை. வாராவாரம் துவைக்கப் போடும் முன் அவர் பாக்கெட்டைக் காலி செய்கிறவள் அவள்தான். பல்குச்சி, சில்லறை, கசங்கிய லாட்டரிச் சீட்டு, எது எந்தப் பக்கம் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். நேரே போய் அவர் கால்சட்டையின் வலது பாக்கெட்டில் கையை விட்டாள். அவர் கையெல்லாம் மிளகாய்ச் சாறு. தடுக்கவில்லை, தடுத்திருக்கவும் முடியாது.

வெள்ளை மொச்சை.

பிரிட்டா சட்டியை ஆட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்களா?" என்றாள் எடுர்னே. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "காலையில என் கையால காப்பி குடிச்சுட்டு வந்து, எனக்கு நீங்களே கறுப்புப் போட்டீங்களா?"

பெல்லோ கடைசியில் திரும்பினார். அவர் முகத்தில் வெட்கம் இல்லை. கொஞ்சம் அலுப்புதான் இருந்தது.

"புரிஞ்சுக்க எடுர்னே. எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு எடம். நாற்பது வருஷமா இங்க வர்றேன். இங்கயும் நீ வந்துட்டா நான் எங்க போறது?"

"இங்கயும்னா? வேற எங்க நான் உங்களுக்கு இடைஞ்சலா இருந்தேன்?"

"வீட்டுல எல்லாம் உன் இஷ்டம்தானே. அடுப்பு உன்னோடது."

"என்னோடதா? அது என்னோட அடுப்பா?" வெள்ளை மொச்சையை மேடைமேல் போட்டாள். "இங்க வந்து மணிக்கணக்கா நின்னு மீன ஆட்டறீங்க. மிளகாயத் தோலுரிக்கறீங்க. ஊரே மெச்சுது. அந்த வீட்டுல, அம்மா இருந்தப்பவோ போனப்புறமோ, ஒரே ஒரு நாள், ஒரு முட்டை பொரிச்சுக் குடுத்திருக்கீங்களா? அம்மா படுத்த படுக்கையாக் கெடந்தப்பக்கூட சூப் வச்சது யாரு? வேலையிலேர்ந்து ஓடி ஓடி வந்து நான் வச்சேன். நீங்க இங்க இருந்தீங்க."

பெல்லோ ஒன்றும் புரியாதவர் போல அவளைப் பார்த்தார்.

"வீட்டுலதான் நீ இருக்கியே" என்றார்.

அவர் அதைத் திமிரோடு சொல்லவில்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கிற சாதாரண விஷயத்தை எடுத்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். கோல்டோ தலையைக் குனிந்துகொண்டான். படியில் நின்றவர்களில் ஒருத்தர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெளியே போனார். வீட்டுக்கு வீடு இதே கதைதான் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"தயவுசெய்து சொல்லுங்க" என்றாள் பிரிட்டா. "என்ன நடக்குது?"

இந்த முறை எடுர்னே பூசி மெழுகவில்லை. எல்லாவற்றையும் தெளிவான ஜெர்மனில், பிசிறில்லாமல் சொன்னாள். இது என் அப்பா. இந்தச் சமையலறையில் நான் சமைக்கலாமா என்று இன்று காலை ஓட்டெடுத்தார்கள். எல்லாரும் சரி என்றார்கள். அவர் ஒருத்தர்தான் வேண்டாம் என்றார். நீங்கள் சமைக்கலாம். நான் கூடாது.

பிரிட்டாவின் கைகள் நின்றன.

"ஆட்டச் சொல்லு, ஆட்டச் சொல்லு" என்று ஹோசேபா பதறினார். எடுர்னே அதை மொழிபெயர்க்கவில்லை. சட்டியில் எண்ணெய் தனியே, மீன் தனியே பிரிந்தது. பிரிட்டா அதை மேடையில் வைத்துவிட்டு ஏப்ரன் முடிச்சைத் தேடினாள்.

"வேண்டாம். நீங்க இருந்து சாப்பிடுங்க" என்றாள் எடுர்னே. "நீங்க யாருக்கும் எந்தத் தப்பும் பண்ணல. உங்க ஓட்டல் ஆத்தோரமா நேரா நடந்தா வந்துடும். கோல்டோவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும்." பிறகு கோல்டோவிடம், "உன்னத் தப்பா நெனச்சுட்டேன்" என்றாள். அவன் கையை ஆட்டி அதெல்லாம் எதுக்கு என்றான்.

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு படியைத் தாண்டி வெளியே வந்தாள். மேசையில் தட்டுகள் அழகாக அடுக்கியிருந்தன. வேலை போகட்டும். கம்பெனிக்காரன் திங்கட்கிழமை கூப்பிட்டுக் கத்துவான், கத்திவிட்டுப் போகட்டும். கதவுப் பிடியில் கை வைத்தபோது பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. தினமும் இந்த நேரத்துக்குக் கேட்கிற அதே குரல்.

"எடுர்னே, ராத்திரிக்கு என்ன?"

அவள் திரும்பிப் பார்த்தாள். சமையலறைப் படியில் நின்றிருந்தார், ஈரக் கையோடு.

"தெரியலப்பா" என்றாள். "நான் லியேர்னி வீட்டுக்குப் போறேன். நாளைக்கும் அங்கதான். அதுக்கப்புறமும் நான் உங்களுக்குச் சமைக்கறதா இல்ல."

"அப்ப நான் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

அவர் நிஜமாகத்தான் கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் அத்தனை அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. கறி இருந்தது, மீன் இருந்தது, தோலுரித்த மிளகாய் ஒரு பாத்திரம் நிறைய இருந்தது. அவ்வளவுக்கும் நடுவில் நின்றுகொண்டு அந்த மனுஷர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வழி தெரியாமல் மகளைப் பார்த்தார். அன்று முதல் தடவையாக அவர் முகத்தில் பயம் வந்திருந்தது. எடுர்னே அதைப் பார்த்தாள். பாவமாக இருக்கிறதா என்று தனக்குள் ஒரு நிமிஷம் தேடிப் பார்த்தாள். இல்லை. கதவைச் சாத்திவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.